காரைக்குடி பழைய சாமான் கடையில் கிடைத்த தபால்தலை ஆல்பம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறவர்கள் பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி என்று தேடுவார்கள். நான் போவது பழைய காகிதத்துக்காக. அங்கே பாய் ஒருவர் நடத்தும் சின்னக் கடை இருக்கிறது. இடிக்கிற வீடுகளிலிருந்து வரும் பேரேடு, ரங்கூன் கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் எடைக்குப் போடாமல் தகரப் பெட்டிகளில் சேர்த்து வைத்திருக்கிறார். அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

போன மாதம் வாங்கியது ஒரு தபால்தலை ஆல்பம். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து வந்ததாம். பர்மா, இலங்கை, மலாயா என்று இந்த ஊர்க்காரர்கள் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன நாடுகளெல்லாம் முதலில் இருக்க, நடுவில் இரண்டு பக்கம் இத்தாலி. ஒரு பக்கத்தில் 1941-இல் வெளியானது: ஹிட்லரும் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியும் ஒரே தபால்தலையில், ‘இரண்டு மக்கள், ஒரே போர்’ என்ற வாசகத்தோடு. அடுத்த பக்கத்தில் மன்னர் விக்டர் இம்மானுவேல் படம் போட்ட தலை, அந்தப் படத்தின் மேலேயே ‘இத்தாலிய சமூகக் குடியரசு’ என்று அடித்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், எழுத்துக்குக் கீழே மன்னர் முகம் அப்படியே தெரிகிறது.

“ஹிட்லர் தலையை மட்டும் வெட்டி ஃப்ரேம் போட்டா நல்ல ரேட்டுக்குப் போகும் தம்பி” என்றார் பாய். பக்கத்தில் நின்ற பையன், “அந்த மாதிரி ஒரு ஆள் வந்தாத்தாண்ணே நம்ம நாடு உருப்படும்” என்றான். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த பக்கத்தையும் பார்க்கச் சொல்லி, ஹிட்லரோடு அந்தத் தலையில் இருக்கும் முசோலினியின் கதையைச் சொன்னேன்.

முசோலினி முதலில் சோஷலிஸ்ட் பத்திரிகை ஆசிரியர், காற்றடிக்கிற பக்கம் சாய்ந்துகொண்டே வந்தவன். 1922 அக்டோபரில் அவன் ஆட்கள் ரோமை நோக்கி நடந்தபோது அவன் இருந்தது மிலான் நகரில், ஆட்சி அமைக்க மன்னர் அழைத்த பிறகு ராத்திரி ரயிலில் வந்து இறங்கினான். தேர்தல் அடாவடியை நாடாளுமன்றத்தில் எடுத்துச் சொன்ன எதிர்க்கட்சி உறுப்பினர் மத்தியோத்தியை 1924 ஜூனில் அவன் கட்சிக்காரர்கள் கடத்திக் கொன்றார்கள். ஏழு மாதத்தில், நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு என்று அதே சபையில் நின்று சொன்னான், அவனைத் தடுக்க ஆளில்லை. 1935-இல் எத்தியோப்பியாவுக்குள் புகுந்து விஷவாயு போட்டார்கள். 1938-இல் யூதர்களுக்கு எதிரான சட்டம், 1940-இல் ஹிட்லரோடு சேர்ந்து போர். அந்த முதல் பக்கத்துத் தலை அப்போது வந்ததுதான்.

1943 ஜூலையில் எதிரிப்படை சிசிலியில் இறங்கியதும் அவன் கட்சியின் பெரிய சபையே 19-க்கு 8 என்று அவனுக்கு எதிராக ஓட்டுப் போட்டது. மன்னரைப் பார்க்கப் போனவனைப் பதவியை விட்டு இறக்கி, வாசலிலேயே கைது செய்து ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். செப்டம்பரில் ஜெர்மானியர்கள் மீட்டு வடக்கே ஒரு பொம்மை ஆட்சியில் உட்கார வைத்தார்கள். அந்த ஆட்சிக்கு முதலில் சொந்தத் தபால்தலை கூட இல்லை, அவனை விரட்டிய மன்னர் முகத்திலேயே பெயரை அடித்து ஒட்டினார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்ட சொந்த மருமகன் சியானோவை 1944 ஜனவரியில் சுட வைத்தான். கடைசியில் 1945 ஏப்ரலில் ஜெர்மன் கோட்டைப் போட்டுக்கொண்டு லாரியில் ஒளிந்து ஓடும்போது பிடிபட்டான். மறுநாள் சுட்டார்கள், அதற்கு அடுத்த நாள் மிலான் சதுக்கத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள்.

பையன் பேசாமல் இரண்டாவது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பாயிடம், “வெட்டாதீங்க பாய், ரெண்டு பக்கமும் சேர்ந்து இருந்தாத்தான் அர்த்தம்” என்று சொல்லி முழு ஆல்பத்தையும் கேட்டேன். 1,800 சொன்னார், 1,400-க்குக் கொடுத்தார். நியாயமான விலைதான்.

குறை என்றால், பெட்டிகளைத் தரையிலேயே வைத்திருக்கிறார், ஈரம் ஏறி மலாயாப் பக்கங்கள் நான்கு ஒட்டிக்கொண்டுவிட்டன. விலைச்சீட்டு எதிலும் கிடையாது, பேசித்தான் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை இருக்காது. இன்னும் இரண்டு பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது, பழைய காகிதத்தில் ஆசை உள்ளவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் போய்விடுங்கள்.