கூரியர் மேல் பழி போடும் அடைமுட்டை வியாபாரிகள்: கவனம்

"இரண்டு நாள் முட்டை, கரு கியாரண்டி" என்று சொல்லி அனுப்பப்பட்டவை 24 கோழி முட்டைகள். இன்குபேட்டரில் வைத்த 7ஆம் நாள் டார்ச் அடித்தபோது, கரு வளர்வதைக் காட்டும் நரம்பு 17 முட்டைகளில் ஒன்றுகூட இல்லை. விற்றவரின் பதில்: "கூரியர்ல குலுக்கிட்டாங்க. இல்லன்னா உங்க இன்குபேட்டர்ல சூடு சரியில்ல." பணம் திரும்பி வரவில்லை.

இந்தப் பதிலை அப்படியே நம்பிவிடாதீர்கள். கூரியர் செய்த கெடுதல் ஒரு மாதிரி தெரியும், விற்றவர் செய்தது வேறு மாதிரி தெரியும்.

பெட்டி வந்ததும், இன்குபேட்டரில் வைக்கும் முன்பே, இருட்டில் அகன்ற முனையில் டார்ச் வைத்து, ஓட்டுக்குள் இருக்கும் காற்று இடைவெளியான காற்றறையைப் பாருங்கள். பென்சிலால் விளிம்பை வரைந்து படம் எடுத்துவிடுங்கள். புது முட்டையில் அதன் ஆழம் 3 மி.மீ. அளவுக்குள்தான் இருக்கும். முட்டையைச் சாய்த்தால் காற்றறை குமிழி போல ஓடுகிறதா? அது வழியில் குலுங்கியதால் வந்தது, விற்றவரைச் சொல்லிப் பயனில்லை. அசையாமல் இருந்து, ஆனால் பெரிதாக இருந்தால் முட்டை பழசு. எவ்வளவு குலுக்கினாலும் காற்றறை பெருக்காது. ஓட்டுத் துளை வழியே நாள் கணக்கில் ஈரம் போனால்தான் பெருக்கும். மேலே சொன்ன பெட்டியில் சிலவற்றில் காற்றறை மெல்லிசு, சிலவற்றில் அதைப்போல மூன்று மடங்கு. பல நாள் சேர்த்து வைத்ததை ஒன்றாக அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரம் தாண்டினாலே பொரிப்பு குறையத் தொடங்கும்.

அடுத்தது, நரம்பில்லாத முட்டைகளைத் தூக்கி எறியாமல் தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கரு மேல் சின்னதாக, ஓரம் ஒழுங்கில்லாத அடர்ந்த வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் கருவே கூடவில்லை. இதற்குக் கூரியரும் காரணமில்லை, இன்குபேட்டரும் காரணமில்லை. ரத்த வளையமோ, விரிந்த வெளிர் படலமோ தெரிந்தால் கரு இருந்து, தொடக்கத்திலேயே செத்திருக்கிறது. பயணம், சூடு, பழைய முட்டை எதுவும் காரணமாகலாம். அங்கே காற்றறைப் படம்தான் பேசும். அந்த 17இல் 12 முதல் வகை, வெள்ளைப் புள்ளி மட்டும்.

உங்கள் பக்கம் பிசகு இல்லாமல் பார்த்துக்கொண்டால்தான் வாதாட முடியும். வந்த முட்டைகளைக் கூர்முனை கீழாக 12 முதல் 24 மணி நேரம் அறைச் சூட்டில் அசைக்காமல் வையுங்கள். காற்றறை ஆடும் முட்டையை நிமிர்த்தியே வைத்து, முதல் இரண்டு மூன்று நாள் திருப்பாமல் விடுங்கள். விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 45–55 சதவீதம். 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தை 65–70க்கு ஏற்றுங்கள். இன்குபேட்டரின் திரையை மட்டும் நம்பாமல் தனி தெர்மாமீட்டர் ஒன்றும் உள்ளே இருக்கட்டும்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: தபாலில் வந்த முட்டையில் பாதி பொரித்தாலே நல்ல கணக்கு. கரு இருந்தும் பொரிக்காததற்கெல்லாம் சண்டை போட முடியாது.

இன முட்டை என்று கூடுதல் விலை சொன்னால், அந்தச் சேவலும் பெட்டைகளும் எத்தனை நாளாக வேறு சேவல் சேராமல் தனியாக அடைபட்டிருக்கின்றன என்று கேளுங்கள். முன்பு சேர்ந்த வேறு சேவலின் விந்து பெட்டைக்குள் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும். மூன்று வாரத்துக்குக் குறைவென்றால் கலப்புக் குஞ்சு வரலாம்.

"பணம் வேண்டாம், வேற முட்டை அனுப்புறேன்" என்று சமாதானம் பேசுவார்கள். உடைத்ததில் வெள்ளைப் புள்ளிதான் அதிகம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே பட்டியிலிருந்து வரும் அடுத்த பெட்டியும் பெரும்பாலும் கூமுட்டைதான்.