கரடிக் காட்டில் கூடாரம்: டப்பாவா, கயிறா, ஸ்ப்ரேயா?

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குக் கட்டிய மூட்டையையே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறைய பேர். இரண்டும் கரடிக் காடுதான். ஆனால் கரடி வேறு, விதிகளும் வேறு. யோசெமிட்டியில் கருங்கரடி மட்டும்தான். அது இருக்கும் கலிஃபோர்னியாவில் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி 1920-களிலேயே அற்றுப்போய்விட்டது. யெல்லோஸ்டோனில் இரண்டுமே உண்டு. பெயரில் கருமை இருந்தாலும் யோசெமிட்டிக் கருங்கரடிகளில் பெரும்பாலானவை பழுப்பு நிறம். அதனால் நிறத்தை நம்பாமல் தோளைப் பாருங்கள். கிரிஸ்லிக்குத் தோளில் திமில் போல மேடு இருக்கும்.

கையில் எதை வைத்துக்கொள்வது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சாப்பாட்டை எங்கே வைப்பது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிப்போன கரடியை, வேறு வழியில்லாமல் கடைசியில் கொன்றுவிடுகிறார்கள். நம் கவனக்குறைவுக்கு அது உயிரைக் கொடுக்கிறது.

சாப்பாட்டை வைக்கக் காரா, முகாமில் இருக்கும் இரும்பு லாக்கரா என்றால் யோசிக்கவே வேண்டாம், லாக்கர்தான். யோசெமிட்டியில் 2001 முதல் 2007 வரை கரடிகள் 908 வண்டிகளை உடைத்தன. அதில் கால்பங்கு மினிவேன்கள். அங்கே இரவில் நின்ற வண்டிகளிலோ மினிவேன் நூற்றுக்கு ஏழுதான். குழந்தை சீட்டின் இடுக்கில் கிடக்கும் பிஸ்கட் தூளும் சிந்திய ஜூஸும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இருட்டிய பிறகு காரில் உணவு வைப்பது அங்கே சட்டப்படியே குற்றம். பற்பசை, சன்ஸ்கிரீன், சோப்பு, குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள் எல்லாமே கரடிக்கு உணவு வாசனைதான். அவற்றையும் லாக்கரில் வைத்துத் தாழ்ப்பாளை முழுக்கப் போடுங்கள். வெறுமனே சாத்திவைத்தால் திறந்துவிடும்.

லாக்கர் இல்லாத உள்காட்டில்தான் உண்மையான போட்டி: உணவு மூட்டையை உயரத்தில் தொங்கவிடும் கயிறா, கரடியால் திறக்க முடியாதபடி செய்த கெட்டியான உணவு டப்பாவா? யெல்லோஸ்டோனின் உள்காட்டு முகாம்களில் பெரும்பாலும் உணவு தொங்கவிடக் குறுக்குக் கம்பம் கட்டியிருப்பார்கள். தரையிலிருந்து 10 அடி உயரம், மரத்திலிருந்து 4 அடி தள்ளி மூட்டை தொங்க வேண்டும். கம்பம் இருக்கும்வரை இது நல்ல வழிதான். கம்பம் இல்லாமல், களைத்துப்போய், இருட்டில் கிளை தேடிக் கயிறு வீசுவது வேறு கதை. யோசெமிட்டியில் கயிற்றைத் தடையே செய்துவிட்டார்கள். அங்குள்ள கரடிகள் கயிற்றைக் கடித்து அறுக்கும், குட்டியை மெல்லிய கிளையில் ஏற்றிவிடும்.

என் ஓட்டு டப்பாவுக்கு. ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை, முதுகுப்பையில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பருமன்தான் அதன் பலமே. கரடியின் வாய்க்கு அகப்படாது, நகம் மாட்ட விளிம்பும் கிடையாது, உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். கூடாரத்திலிருந்து 100 அடியாவது தள்ளி வையுங்கள். ஆற்றோரமும் பள்ளத்தோரமும் வேண்டாம், உருண்டு போய்விடும். கயிறு கட்டவும் கூடாது, அதைப் பிடித்தே இழுத்துக்கொண்டு போகும். மூடியைக் கட்டைவிரலால் அழுத்தித் திருகும் வகை, குளிர்ந்த காலையில் இறுகிக்கொண்டு மல்லுக்கட்ட வைக்கும். நாணயத்தால் திருகும் வகையில் அந்தத் தொல்லை குறைவு. பொடி, அவல், சப்பாத்தி என்று தட்டையாகவும் தூளாகவும் எடுத்துப் போனால் இண்டு இடுக்கெல்லாம் நிரம்பி மூன்று நான்கு நாள் தாங்கும். சிப்ஸ் பாக்கெட்டை வைத்தால் காற்றுக்குத்தான் இடம்.

டப்பாவும் முழுக்கத் தோற்காதது அல்ல. நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலையில், இரு காதிலும் மஞ்சள் பட்டை மாட்டிய பெண்கரடி ஒன்று, யெல்லோ-யெல்லோ என்று பெயர், ஒரு வகை டப்பாவின் மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்டது. இரண்டாவதாக ஒரு பூட்டு சேர்த்தும் திறந்தது. அதனால் போகும் இடத்தில் எந்த மாடலை அனுமதிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எடை குறைந்த கிழியாத துணிப்பையை யோசெமிட்டி ஏற்பதே இல்லை. மற்ற இடங்களிலும், பை கிழியாவிட்டாலும் உள்ளே சாப்பாடு கூழாகிவிடும்.

அடுத்து, கரடியின் முகத்தில் அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரேயா துப்பாக்கியா? யோசெமிட்டியில் கரடி ஸ்ப்ரேக்கே தடை. கருங்கரடியைத் தள்ளி நின்று சத்தம் போட்டே விரட்டலாம். யெல்லோஸ்டோனில் ஸ்ப்ரே இல்லாமல் நடக்காதீர்கள். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களை ஆராய்ந்தபோது, ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. துப்பாக்கி குறித்த ஆய்வில், சுட்டவர்களுக்கும் கையில் இருந்தும் சுடாதவர்களுக்கும் முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாய்ந்து வரும் கரடியைக் குறிபார்த்துச் சுடுவது பழகியவருக்கே கஷ்டம். ஸ்ப்ரே மேகமாகப் பரவுவதால் குறி கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. ஒரே சிக்கல், ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அங்கே போய்த்தான் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

மீறித் தாக்கினால் என்ன செய்வது? கருங்கரடி என்றால் திருப்பி அடியுங்கள், முகத்தைப் பார்த்து. பாதையில் திடுக்கிட்டுப் பாய்ந்த கிரிஸ்லி மேலே விழுந்துவிட்டால், பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, பிடரியில் கைகளைக் கோத்து, காலை அகட்டி அசையாமல் கிடங்கள். இரவில் கூடாரத்துக்குள் வந்து தாக்கும் கரடி எதுவானாலும், அது பயந்து வந்தது அல்ல, இரை தேடி வந்தது. அங்கே செத்ததுபோல் கிடக்கவே கூடாது. கையில் கிடைத்ததைக் கொண்டு போராட வேண்டும். ஸ்ப்ரே அனுமதிக்கப்பட்ட காட்டில் அது டார்ச்சுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.