பதினான்காம் மாதத்தில் நின்ற ஃபிரிட்ஜ்: 1915 போதுமா, ஆணையத்துக்குப் போக வேண்டுமா?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அக்னி நட்சத்திரத்தின் நடுவில் நின்றது. வேலூரில் அந்த நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதை யாரும் செய்தியாக நினைப்பதில்லை. உள்ளே மறுநாளைக்கு அரைத்து வைத்த மாவு, பால், கீரை, எல்லாவற்றுக்கும் மேலாக மாமியாரின் இன்சுலின் இருந்தன. வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வாரண்டி பன்னிரண்டு மாதம்.

அதே ஆண்டில் காட்பாடியில் இருக்கும் என் அண்ணன் வீட்டு வாஷிங் மெஷினும் ஏறக்குறைய அதே வயதில் நின்றுபோனது. அவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணோடு முடித்துக்கொண்டார். நான் சத்துவாச்சாரிக்காரி, மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போனேன். எதிர்வீட்டு அக்கா தன் பழைய ஃபிரிட்ஜுக்குத் தெருமுனை மெக்கானிக்கை அழைத்து மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்தார். குடும்பத்தில் இன்றுவரை யார் புத்திசாலி என்ற விவாதம் ஓயவில்லை. நான் ஆணையத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மெக்கானிக் வழி வேகமானது, மலிவானது. ஏழெட்டு ஆண்டு ஓடிய பொருளுக்கு அதுதான் சரி. புதுப் பொருளுக்கு இரண்டு காரணங்களால் வேண்டாம் என்பேன். இப்போது வரும் பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்களில் ஆர்600ஏ என்ற, தீப்பற்றக்கூடிய வாயு இருக்கிறது. அதைப் பழகிய கைதான் தொட வேண்டும். இரண்டாவது, வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் குழாய் இப்போது பக்கவாட்டுத் தகட்டுக்குள் மறைந்திருக்கிறது. அதில் கசிவு என்றால் மெக்கானிக் பழைய குழாயைத் துண்டித்துவிட்டுப் பின்பக்கம் புதிய கண்டென்சர் ஒன்றை மாட்டிவிடுவார். ஃபிரிட்ஜ் ஓடும். ஆனால் பழுது எங்கே இருந்தது, யார் தவறு என்பதற்கான சாட்சியம் அந்த நிமிடமே அழிந்துவிடும். அதன் பிறகு கம்பெனியிடம் பேச நமக்கு வாய் இல்லை.

கடையில் பில் போடும்போது கூடுதல் வாரண்டி என்று ஒன்றை விற்பார்களே, அதையும் வாங்கவில்லையா என்று கேட்பீர்கள். வாங்கவில்லை. வாங்குகிறவர்கள் அதைத் தருவது தயாரிப்பாளரா, வேறு ஏதாவது நிறுவனமா என்று மட்டுமாவது பார்த்து வாங்குங்கள்.

எங்கள் கதவில் 'கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு வாரண்டி' என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வந்த சர்வீஸ்காரர் பார்த்துவிட்டு, கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது என்றார். அதுதான் எனக்கு வந்த கெட்ட செய்தி. கேஸ் கசிந்திருக்கிறது, கசிவு குழாயில், குழாய்க்கு ஓராண்டு வாரண்டிதான், கேஸ் நிரப்பும் கூலியும் நம்முடையது. 31,500 ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு 4,800 ரூபாய் கேட்டார். வாரண்டி அட்டையின் பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

அண்ணனின் கதைக்கு வருகிறேன். 1915-இல் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பில், மாடல் எண், பழுது, கம்பெனியிடம் ஏற்கெனவே கொடுத்த புகாரின் எண் ஆகியவற்றைச் சொன்னால் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். அண்ணனுக்குப் பதினெட்டாம் நாள் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. பம்ப் இலவசம், வந்துபோகும் கட்டணம் மட்டும் அவருடையது என்று பேசி முடித்தார்கள். அவருக்கு அது போதும். இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் சீருடை காத்திருந்தது.

நானும் முதலில் அங்கேதான் போனேன். எனக்கு வந்த பதில் இரண்டு வரிகள்: வாரண்டிக் காலம் முடிந்துவிட்டது, கட்டணம் செலுத்தினால் பழுது நீக்கித் தரப்படும். புகார் முடித்து வைக்கப்பட்டது. உதவி எண்ணின் எல்லை இதுதான். அது தூது போகும், ஆணையிடாது. கம்பெனி 'முடியாது' என்றால் அதோடு கதை முடிந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுக் கெடு இருக்கிறது. 1915-இல் புகார் நடந்துகொண்டிருப்பதால் அந்தக் கணக்கு நிற்காது. ஆனாலும் அந்த இரண்டு வரிப் பதில் வீணாகவில்லை. கம்பெனி எழுத்தில் மறுத்ததற்கான சான்றாக என் மனுவோடு அதுவும் போனது.

இனி ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்த மாற்றம், நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்பது. ஆடித் தள்ளுபடிக்குச் சென்னை தியாகராய நகரில் போய் வாங்கிவந்த பொருளாக இருந்தாலும் வழக்கை வேலூரில் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. மிக்சி, கிரைண்டர், ஏசி எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. நான் வைத்துக்கொள்ளவில்லை. மனு, உறுதிமொழிப் பத்திரம், பில், வாரண்டி அட்டை, கடித நகல்கள் இவ்வளவுதான். இணையத்திலும் தாக்கல் செய்யலாம். நான் நேரில் போனேன், யாராவது முகம் பார்த்துப் பேசினால்தான் எனக்குத் தைரியம். விற்ற கடை, தயாரித்த கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் சொந்தப் பிழைப்புக்காகத் தானே நின்று நடத்தும் சின்னத் தொழிலுக்கு விலக்கு உண்டு. ஜூஸ் கடைக்கார அண்ணன் ஒருவர் இது தெரியாமலே ஒதுங்கிப் போனார்.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும், ஆய்வுக்கூடச் சோதனை தேவையென்றால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. என் வழக்கு ஒன்பது மாதம் ஓடியது.

இப்போது, இந்த அலசலை நான் எழுதக் காரணமான விஷயம். யாரும் இதைச் சொல்வதில்லை. 1915-ஆ ஆணையமா என்பதை முடிவு செய்வது நம் கோபமோ பொருளின் விலையோ அல்ல. வாரண்டிக்குள் பதிவான ஒரு புகார் நம் கையில் இருக்கிறதா என்பதுதான்.

காரணம் எளியது. சட்டம் 'குறைபாடு' என்று சொல்லும்போது அதற்கு ஓராண்டு எல்லை போடவில்லை. ஆனால் வாரண்டி முடிந்தபின் போனால், பழுது உற்பத்தியிலேயே இருந்தது என்று காட்டும் சுமை நம் தலையில் விழுகிறது. வோல்டேஜ் ஏறியிறங்கியிருக்கும், சுவரை ஒட்டி வைத்திருப்பீர்கள், வெயில் என்று கம்பெனி அடுக்கும். வாஷிங் மெஷின், கீசர் என்றால் நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைக் கைகாட்டும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அந்தக் கட்டணத்தையும் முதலில் நம்மைக் கட்டச் சொல்லலாம். அதே பழுது வாரண்டிக்குள்ளேயே தலைகாட்டியது என்று ஒரு காகிதம் இருந்தால் பேச்சே மாறிவிடும். பழைய பழுது தீராமல் தொடர்கிறது, வாரண்டி நாளிலேயே சொன்னேன், நீங்கள்தான் ஒழுங்காகச் சரிசெய்யவில்லை என்று கேட்கலாம்.

எனக்கு அது இருந்தது, ஆனால் மயிரிழையில். ஏழாம் மாதம் ஒருமுறை குளிர்ச்சி குறைந்து புகார் கொடுத்திருந்தோம். வந்தவர் கேஸ் அழுத்தம் பார்த்து ஏதோ நிரப்பிவிட்டு, சரியாகிவிட்டது என்று கிளம்பினார். போகும்போது கைபேசிக்கு வந்த ஓடிபியைக் கேட்டார், கணவர் சொல்லிவிட்டார். காகிதம் எதுவும் தரவில்லை. கணவர் இடையில் கைபேசியையும் மாற்றிவிட்டார். பீரோவில் கிடந்த பழைய கைபேசிக்கு மின்னேற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குறுஞ்செய்திகளைத் தோண்டியபோது புகார் எண்ணும் தேதியும் கிடைத்தன. அதை வைத்து அந்த வருகையின் ஜாப் ஷீட்டை, அதாவது என்ன பழுது, என்ன செய்தார் என்று சர்வீஸ்காரர் எழுதும் தாளை, கம்பெனியிடம் எழுத்தில் கேட்டேன். பதினைந்து நாள் கழித்து வந்தது. அதில் 'கேஸ் நிரப்பப்பட்டது' என்று ஒரு வரி. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய கேஸை ஏழாம் மாதத்தில் ஏன் நிரப்ப வேண்டும்? கசிவு அப்போதே இருந்திருக்கிறது. என் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரிதான்.

அந்த ஓடிபியைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேச எனக்கு ஆசை. அதைச் சொன்ன நொடியில் கம்பெனிக் கணக்கில் நம் புகார் 'தீர்ந்தது'. ஆகவே என்ன பழுது, என்ன செய்தார் என்பதை ஜாப் ஷீட்டில் எழுதி, அது நம் கைக்கு வந்த பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும். பதினான்காம் மாதம் வந்தவர் என் ஷீட்டில் 'வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்' என்று மட்டும் எழுதியிருந்தார். பழுதின் பெயரே இல்லை! கசிவு என்று வாயால் சொன்னீர்களே, அதை எழுதுங்கள் என்று அரை மணி நேரம் வாசலில் நின்றேன். எழுதினார், பாவம், முகம் கோணலாக. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அடுத்த வீட்டில் வேலை காத்திருக்கிறது.

அண்ணனிடம் அப்படி ஒரு காகிதம் இல்லை. அவருடைய மெஷின் பதினைந்தாம் மாதம்தான் முதல்முறையாகப் பழுதானது. அவர் ஆணையத்துக்குப் போயிருந்தால் ஆய்வுக்கூடம், கட்டணம் என்று இழுத்திருக்கும். 1915 அவருக்குச் சரியான வழி. இதை அவரிடம் நேரில் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை, எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆணைய வழியில் பணச்செலவு குறைவு, வேறு செலவு அதிகம். ஐந்து முறை விடுப்பு எடுத்தேன். இன்சுலினை மண்பானைத் தண்ணீரில் டப்பாவோடு மிதக்கவிட்டுப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றினோம். பழுதான ஃபிரிட்ஜை யாரும் தொடக் கூடாது, அதுதான் சாட்சி. ஆகவே ஒன்பது மாதம் அது கூடத்தில் நின்றது, பக்கத்தில் தவணைக்கு வாங்கிய சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று ஓடியது. பெரியதற்குள் மாமியார் பருப்பு டப்பாக்களை அடுக்கிவிட்டார். எறும்பு வராது என்பது அவர் கண்டுபிடிப்பு.

என் வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. ஆகவே அதன் பிறகு நடப்பதை அனுபவமாகச் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம், பணம் தரச் சொல்லி உத்தரவு இருந்தால் அதில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும், உத்தரவை மீறினால் சிறைத் தண்டனை வரை உண்டு என்று சட்டத்தில் படித்திருக்கிறேன், அவ்வளவே. எங்கள் விவகாரத்தில் ஏழாம் மாத ஜாப் ஷீட்டின் நகல் போய்ச் சேர்ந்த பிறகு கம்பெனியின் வழக்கறிஞர் சமரசம் பேச வந்தார். முதலில் இலவசப் பழுதுநீக்கம், பிறகு வேறு மாடல், கடைசியில் முழு விலையும் இன்சுலினுக்கும் அலைச்சலுக்குமாக 5,000 ரூபாயும் என்று படிப்படியாக ஏறியது. அண்ணன், இரண்டாவது படியிலேயே ஒப்புக்கொண்டிருக்கலாமே என்கிறார். அதே கம்பெனியின் இன்னொரு பெட்டியை வீட்டுக்குள் விட எனக்கு மனம் வரவில்லை.

பணம் வந்த வாரம், பழைய பெட்டியை எடுத்துப்போக ஒரு வண்டியும் இரண்டு பையன்களும் வந்தார்கள். கதவைத் திறந்தவர்கள் உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, உளுந்து, மிளகாய் என்று எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைக்க அரை மணி நேரம் ஆனது. அவர்கள் வண்டியில் ஏற்றியதும் ஓடிபி கேட்டார்கள். ரசீது எங்கே என்றேன்.