தேய்ந்த கித்தாரும் தேய்க்கப்பட்ட கித்தாரும்: பழையது வாங்குவோர் கவனத்திற்கு

சென்ற ஆண்டு நவம்பர் மாதம், மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பழைய பொருள்கள் விற்கும் ஒரு கடையில் 1,850 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து நான் ஒரு கித்தார் வாங்கினேன். 1969ஆம் ஆண்டு ஜப்பானில் செய்யப்பட்ட யமஹா என்று சொல்லி அதை எனக்கு விற்றார்கள். உண்மையில் அது அண்மைக் காலத்தில் மொத்தமாகச் செய்யப்பட்ட ஒரு மலிவுக் கித்தார். அதன் உடலில் தெரிந்த ஐம்பதாண்டுத் தேய்மானம் முழுவதும் உப்புத்தாளையும் சப்பாத்து மையையும் கொண்டு யாரோ ஓரிரு நாளில் உண்டாக்கியது. விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குப் போயிருப்பதால் கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆனால் நான் எப்படி ஏமாந்தேன் என்பதை எழுதலாம். இதே வேலை இன்னும் நடக்கிறது என்பதற்குச் சான்று கிடைத்திருப்பதால் எழுதியே ஆக வேண்டும் என்றும் தோன்றுகிறது.

பழைய கித்தார் மேல் எனக்கு இருக்கும் பித்து, ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டு வாசற்படியில் தொடங்கியது. என் சித்தப்பாவிடம் சீனாவிலிருந்து வந்த ஒரு காப்போக் கித்தார் இருந்தது. அந்தக் காலத்தில் இந்த நாட்டில் அது எவ்வளவு பரவலாக இருந்தது என்றால், மலாய்க்காரர்கள் இன்றைக்கும் மலிவான மரக் கித்தார் எதுவானாலும் அதை ‘கித்தார் காப்போக்’ என்றே சொல்வார்கள். சித்தப்பாவின் வலது முழங்கை படியும் ஓரத்தில் பூச்சு முழுவதும் போய் வெள்ளை மரம் தெரிந்தது. கழுத்தின் பின்புறத்தில் அவருடைய கட்டைவிரல் ஓடிய தடம் பளிங்கு போல வழவழப்பாக இருந்தது. காலையில் பால்மரம் சீவிவிட்டு வந்து, மாலையில் அதை அவர் மடியில் வைத்துக்கொண்டால், கருவி எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறார் என்று சொல்ல முடியாது. கடையில் தொங்கும் புதுக் கித்தாரில் அந்த உறவு இல்லை. தடித்த பூச்சு கண்ணாடி போல மின்னும். கழுத்தின் விளிம்பு உள்ளங்கையை உறுத்தும். கையில் எடுத்தால் இன்னும் யாருடையதும் ஆகாத ஒரு பொருளைப் பிடித்திருப்பது போன்ற உணர்வுதான் வரும்.

பழையது உண்மையிலேயே நன்றாக ஒலிக்குமா என்று கேட்டால், ஓரளவு ஆம். மேற்பலகை ஒரே ஸ்ப்ரூஸ் மரப் பலகையாக இருந்தால், ஆண்டுகள் போகப் போக மரத்தின் ஈரப்பிடிப்பு குறைந்து, பிசின் இறுகி, பலகை தன் எடைக்கு விறைப்பு மிகுந்ததாகிறது. இன்றைய உற்பத்தியாளர்கள் சிலர், உயிர்வளி குறைந்த சூளையில் பலகையைச் சூடேற்றி இந்த முதிர்ச்சியைச் செயற்கையாக வரவழைக்கிறார்கள். ஒட்டுப்பலகையில், அதாவது பிளைவுட்டில், இந்த மாற்றம் பெரிதாக நிகழ்வதில்லை. இன்னொன்றும் உண்டு: அந்தக் காலத்து மட்டமான கித்தார்கள் எப்போதோ அடுப்புக்கும் குப்பைக்கும் போய்விட்டன, நல்லவை மட்டுமே தப்பி நம் கைக்கு வருகின்றன. ஆகவே “அந்தக் காலத்துப் பொருளே தனி” என்னும் பேச்சில் பாதி, தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் பார்த்துச் சொல்வதுதான். இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் ஏமாந்தேன்.

தேய்மானத்தின் மீதான மோகம் உலகம் முழுவதும் உள்ளது. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969ஆம் ஆண்டு முதல் வைத்திருக்கும் மார்ட்டின் என்-20 கித்தாரின் மேற்பலகையில், கம்பி மீட்டும் பிக் உரசி உரசி ஒரு ஓட்டையே விழுந்துவிட்டது. அயர்லாந்துக் கித்தார் கலைஞர் ரோரி கல்லகரின் 1961 ஸ்ட்ரேட்டோகாஸ்டர் மின்கித்தாரில் வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்து வெறும் மரம்தான் மிஞ்சியது. அவருடைய வியர்வைதான் அதைத் தின்றது என்பார்கள். இந்த மோகத்தைக் கண்டுகொண்ட ஃபெண்டர் நிறுவனம், 1995இல், புதிய கித்தாரையே கீறித் தேய்த்து ‘ரெலிக்’ என்னும் பெயரில் விற்கத் தொடங்கியது. வழவழப்பான புதியதைவிட, அடிபட்டது போன்ற புதியதற்கு விலை கூடுதல். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றினாலும் அதை மோசடி என்று சொல்ல மாட்டேன். வாங்குபவருக்குத் தான் எதை வாங்குகிறோம் என்று தெரியும். எனக்கு அது சொல்லப்படவில்லை.

கடைக்குப் போன அன்று நல்ல மழை. கடைக்காரர் கித்தாரை ஒரு பழைய கைலியில் சுற்றி, உள்ளேயிருந்து, தூங்கும் குழந்தையைத் தூக்கி வருவது போலக் கொண்டு வந்தார். “அண்ணே, இது தோட்டத்துக் கிராணி ஒருத்தர் வீட்டுப் பொருள். அவர் போன பிறகு பிள்ளைங்க கொடுத்துட்டாங்க. ஒரே பலகைண்ணே, அம்பது வருசம் பாடின மரம்” என்றார். கைலியைப் பிரித்தபோது பூச்சி உருண்டை வாசம் வந்தது. ஒலித்துளைக்குள் பார்த்தால் மங்கிய சிவப்பு லேபல். அதில் யமஹாவின் மூன்று இசைக்கவைகளும் இருந்தன. கம்பிகள் கறுத்திருந்தன. ஜி கார்டு எனப்படும் சுரக்கட்டை மீட்டிப் பார்த்தேன். கூர்மை இல்லாத, அடங்கிய, கனிந்த நாதம். எனக்குச் சித்தப்பாவின் வாசற்படி நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் ஒன்றையும் பரிசோதிக்கவில்லை. விலையில் 150 வெள்ளி குறைத்துப் பேசியதோடு என் சாமர்த்தியம் முடிந்தது.

வீட்டுக்கு வந்து கம்பி மாற்றியதும் அந்தக் கனிவு காணாமல் போயிற்று. துருப்பிடித்து உயிரற்றுப் போன கம்பியில் மேல் சுரங்களின் கூர்மை மழுங்கிவிடும் என்பதை, முப்பது ஆண்டுகள் வாசித்த நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. முதிர்ந்த மரத்தின் குரல் என்று நான் நினைத்தது வெறும் அழுக்குக் கம்பியின் குரல். புதுக் கம்பியில் அது தகரம் போலச் சலசலத்தது. அப்போதும் மனம் ஒப்பவில்லை. மழைக்காலம், மரம் ஈரம் குடித்திருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் பஜனையில் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு எழுந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த என் மனைவி, “என்னங்க இது, சட்டையெல்லாம்?” என்றாள். வெள்ளைச் சட்டையின் வலது கையில், முழங்கைக்குக் கீழே, தேயிலைச் சாயம் போல ஒரு பழுப்புப் பட்டை. முகர்ந்து பார்த்தேன். பள்ளிக்கூடச் சப்பாத்துக்குப் போடும் மையின் வாசம். ஐம்பதாண்டு அழுக்கு, ஒரு மணி நேர வியர்வையில் கரைந்து என் சட்டைக்கு வந்திருந்தது.

ஈப்போவில் கித்தார் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் வாசித்தே பார்க்கவில்லை. மேசை விளக்கைச் சாய்த்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேற்பலகையின் கீழ்ப்பக்கம், மெல்லிய கம்பிகளுக்கு வெகு கீழே, விளிம்பை ஒட்டி உள்ள முக்கோண வழுக்கையைத் தொட்டுக் காட்டினார். “தம்பி, வாசிக்கிறவன் கை இங்க படவே படாதே. இது எப்படித் தேஞ்சுச்சு?” நான் பதில் சொல்லவில்லை. பிறகு கழுத்தில் முதல் மூன்று ஃபிரெட்டுகளை, அதாவது குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளைக் காட்டினார். தொடக்கச் சுரக்கட்டுகள் எல்லாம் அங்கேதான் பிடிக்கப்படுவதால், நீண்ட காலம் வாசித்த கித்தாரில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே அந்த உலோகத்தில் சிறு பள்ளம் விழுந்திருக்க வேண்டும்; இதில் நகத்தால் தடவினாலும் தடுக்கவில்லை. ஃபிரெட்டை மாற்றியிருந்தால் அப்படி இருக்கலாம். ஆனால் மாற்றினால் விரற்பலகையில் அந்த வேலையின் சுவடு பெரும்பாலும் இருக்கும், இதில் அதுவும் இல்லை. மரத்தைக் கரைத்த கை, கம்பி அழுத்தும் இடத்தை மட்டும் தொடாமல் ஐம்பது ஆண்டு வாசித்ததாக நாம் நம்ப வேண்டும்.

மேற்பலகையில் கீறல் விழாமல் காக்க ஒட்டியிருக்கும் தகடான பிக்கார்டைச் சூடு காட்டி மெதுவாகக் கழற்றினார். வெளிச்சத்தில் பல்லாண்டு இருந்த ஸ்ப்ரூஸ் மஞ்சளாகும்; பிக்கார்டு மறைத்திருந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். இங்கே உள்ளும் புறமும் ஒரே மஞ்சள். அது தொழிற்சாலையிலேயே பூச்சில் கலந்த நிறம். தேய்ந்த இடத்தின் விளிம்பும் கதை சொன்னது: கையால் தேய்ந்த பூச்சு படிப்படியாக மெலிந்து மறையும், இதிலோ உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது எல்லாக் கீறலும் ஒரே திசையில், சீப்பு வாரியது போல ஓடின. ஒலித்துளையின் விளிம்பில் விளக்கைப் பிடித்தார். ஒரே பலகை என்றால் மேலே தெரியும் மர இழை விளிம்பிலும் அப்படியே இறங்க வேண்டும். அங்கே மூன்று அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யமஹாவின் எஃப்ஜி கித்தார் வரிசை 1966இல் வந்தது. அதன் பெயர் பெற்ற சிவப்பு லேபல் எஃப்ஜி-180 உண்மையிலேயே ஒட்டுப்பலகை மேற்பரப்பு கொண்டதுதான். ஆக, கடைக்காரர் சொன்ன “ஒரே பலகை” என்னும் பொய், அவர் சொன்ன மற்றப் பொய்க்கே பொருந்தவில்லை. எல்லாவற்றையும் முடித்து வைத்தது லேபல். அதில் ‘யமஹா கார்ப்பரேஷன்’ என்று அச்சிட்டிருந்தது. அந்த நிறுவனம் 1987 வரை ‘நிப்பான் கக்கி’ என்ற பெயரில்தான் இருந்தது. உண்மையான சிவப்பு லேபலில் அந்தப் பெயரே இருக்கும். 1969இல் செய்த கித்தாருக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பெயரை எழுதியவர், காலத்தைத் தேநீரில் நனைத்து வரவழைத்திருந்தார். பெரியவர் மதிப்பிட்ட விலை 300 வெள்ளி, அதுவும் பெட்டியோடு.

எனக்குப் பணம் போனதைவிட இன்னொன்றுதான் உறுத்துகிறது. என் அப்பா பால்மரம் சீவியவர். பட்டையின் வடுவைப் பார்த்தே இந்த நிரையைச் சீவியவன் கை கனமா, லேசா, கத்தி மரத்துக்குள் இறங்கியதா என்று சொல்லிவிடுவார். கத்தி ஆழமாகப் பட்ட மரம் பின்னால் முண்டும் முடிச்சுமாக வீங்கியிருக்கும். வடு என்றால் அதற்கு ஒரு கை இருக்க வேண்டும், அந்தக் கைக்கு ஒரு வேலை இருந்திருக்க வேண்டும் என்பதைச் சிறுவயதிலேயே கண்ணால் பார்த்து வளர்ந்தவன், கித்தார் விஷயத்தில் வடுவை அழகாக மட்டுமே பார்த்தேன்.

கடைக்காரரிடம் போனபோது அவர் பதற்றமே காட்டவில்லை. “பழைய பொருளைத் திருப்பி எடுக்கறதில்லைண்ணே, ரசீதைப் பாருங்க” என்றார். ரசீதில் ‘கித்தார் தெர்ப்பாக்காய், 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. பயன்படுத்திய கித்தார், ஒன்று. ஆண்டும் இல்லை, நாடும் இல்லை, யமஹாவும் இல்லை. என்னைக் காப்பாற்றியது, வாங்குவதற்கு முதல் நாள் அவர் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய செய்தி: “1969 ஜப்பான் ஒரிஜினல் அண்ணே, கேரண்டி.” அதை நான் அழிக்காமல் வைத்திருந்தது தற்செயல்தான். நீங்கள் தற்செயலை நம்பாதீர்கள். வாயால் சொல்வதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிட ஐந்து வெள்ளிதான் கட்டணம். வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். வியாபாரமாக விற்பவர் மீதுதான் அங்கே போக முடியும் என்பதால், முகநூலில் தனியாளிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உண்மையான பழையதை வாங்குவதிலும் செலவு காத்திருக்கிறது. எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு நிகராக இரவும் பகலும் இழுக்கின்றன. கித்தாருக்கு உகந்த காற்று ஈரம் ஏறத்தாழ 50 விழுக்காடு என்றால், நம் ஊரில் அது 80ஐத் தாண்டுவது வழக்கம். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜின் பின்விளிம்பு தூக்கிக்கொள்ளும், அதன் பின்னால் பலகை வயிறு வைத்துப் புடைக்கும், கழுத்தின் கோணம் மாறிக் கம்பி உயரும். கழுத்தைக் கழற்றிச் சரிசெய்யும் கூலி சில வேளைகளில் கித்தாரின் விலையையே விழுங்கிவிடும். ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு புதுக் கம்பிக் கட்டு, ஒரு நீள இரும்பு அளவுகோல், கைவிளக்கு, பல் மருத்துவர் கண்ணாடி போல ஒரு சிறு கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். அளவுகோலை ஃபிரெட்டுகள் மேல் படுக்க வைத்தால் அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பில் வந்து உட்கார வேண்டும். பிரிட்ஜின் முகத்தில் இடித்தால் கழுத்து முன்னால் வந்துவிட்டது என்று பொருள். கம்பி மாற்றிப் பார்க்க விடாத கடையில் தேநீர் கொடுத்தாலும் உட்காராதீர்கள்.

என் விசாரணை அடுத்த மாதம் ஈப்போவில் நடக்கவிருக்கிறது. சென்ற வாரம் கோலகங்சாரில் இருக்கும் என் மைத்துனர், “மாமா, இது நல்லதான்னு பாருங்க” என்று ஒரு படம் அனுப்பியிருந்தார். அதே கடை, அதே கைலி, சிவப்பு லேபல். மெல்லிய கம்பிகளுக்கு வெகு கீழே, கை படாத அதே இடத்தில், அதே முக்கோண வழுக்கை. இந்த முறை அது கிராணியுடையது இல்லையாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஒருவர் வைத்திருந்ததாம். விலை 2,200 வெள்ளி.