செருகிவிட்டுப் போவதா, கழற்றிவிட்டுப் போவதா? 25 நாள் தனியே கிடக்கும் படகும் கரை மின்சாரமும்

நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேற்றத்துக்கு முதல் நாள் கொழும்பில் ரயில் ஏறினால், தீர்த்தம் முடிந்து திரும்பும்வரை முகத்துவாரப் பக்கம் கட்டியிருக்கும் என் 22 அடி பைபர் படகுக்கு ஆள் இல்லை. இறங்குதுறைத் தூணில் 230 வோல்ட் கரை மின்சாரம் இருக்கிறது, படகின் பற்றரியையும் அதில் ஓடி அடித்தட்டுத் தண்ணீரை இறைக்கும் பம்பையும் உயிரோடு வைக்க. அதைச் செருகிவிட்டுப் போவதா, கழற்றிவிட்டுப் போவதா என்று அங்கே நாலு பேரைக் கேட்டால் ஐந்து பதில் வரும். எல்லா வழியையும் செய்து பார்த்தவன் நான். மின்கட்டணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை, அது சில்லறை. நான் யாழ்ப்பாணத்தில் இருக்கும்போது அந்த வழி பழுதானால் படகுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் பார்க்கிறேன்.

முதலில் செருகிவிட்டுப் போனேன். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது, மனம் குளிர்ந்தது. திரும்பி வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. தரைப்பலகை நனைந்து மிதந்துகொண்டிருந்தது. பற்றரியில் 10.4 வோல்ட். தூணில் ட்ரிப் சுவிட்ச் கீழே விழுந்து கிடந்தது. குற்றவாளி, இரண்டு கேபிள்களை டேப் சுற்றி இணைத்த இடம். மழை படாமல் இருக்கட்டும் என்று அதற்கு நானே பொலித்தீன் பை கட்டியிருந்தேன். பைக்குள் அரைக் குவளை தண்ணீர் நின்றது. பிளக்கின் ஒரு முனை கருகிய பழுப்பு நிறத்தில் இருந்தது.

ட்ரிப் சுவிட்சைக் குறை சொல்ல முடியாது. 30 மில்லிஅம்பியர் கசிந்தால் விழுவதுதான் அதன் வேலை. துறையில் யாராவது தண்ணீரில் இறங்கியிருந்தால் அது ஓர் உயிரைக் காத்திருக்கும். ஆனால் மின்வெட்டு வேறு, ட்ரிப் வேறு. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கின்மேல் பழி விழுந்த அன்று நாடே இருண்டது. இரண்டு முறையும் மின்சாரம் தானாகத் திரும்பி வந்தது. விழுந்த ட்ரிப் சுவிட்சை யாராவது கைவைத்துத் தூக்கினால்தான் உண்டு.

கரை மின்சாரத்துக்குக் கண்ணில் படாத இன்னொரு விலையும் இருக்கிறது. பச்சை மஞ்சள் எர்த் கம்பி உங்கள் படகின் உலோகத்தைப் பக்கத்துப் படகின் உலோகத்தோடு சேர்த்துவிடுகிறது. நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய பற்றரியாகிவிடும். பக்கத்துப் படகுக்காரர் துத்தநாகக் கட்டியை மாற்றாமல் விட்டால், அவருடைய இரும்பையும் சேர்த்து உங்கள் கட்டி கரைந்து காக்கும். அது தீர்ந்ததும் உங்கள் புரொப்பெல்லரின் முறை. இதற்காக எர்த் கம்பியை வெட்டிவிடச் சொல்லும் மேதைகள் உண்டு. கொலைக்குச் சமமான யோசனை அது. எர்த் பாதுகாப்பை விடாமல் இந்த அரிக்கும் மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும் கல்வனிக் ஐசொலேட்டர் போடுங்கள்.

வெக்கையும் சேர்ந்துகொள்கிறது. ஈய அமிலப் பற்றரிக்கு 13.6 வோல்ட் அளவில் பராமரிப்பு சார்ஜ் என்பது 25 பாகை வெப்பத்துக்கான கணக்கு. பற்றரிப் பெட்டிக்குள் 35 பாகை இருந்தால் ஏறத்தாழ 0.2 வோல்ட் குறைக்க வேண்டும். வெப்ப உணரி இல்லாத மலிவு சார்ஜர் அதைக் குறைக்காது. பற்றரித் தண்ணீர் மெல்ல வற்றும்.

அடுத்த வருடம் கேபிளைச் சுருட்டி வீட்டில் வைத்துவிட்டு, பிரதான சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனேன். அடித்தட்டுத் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் மட்டும் பியூஸ் வழியாக நேரே பற்றரியில் இருந்தது. 100 அம்பியர்-மணி பற்றரியில் பாதிக்குமேல் எடுக்கக் கூடாது, ஆகவே கையில் 50. பம்ப் 3 அம்பியர் இழுக்கிறது. நாளுக்கு அரை மணி நேரம் ஓடினால் 33 நாள் தாங்கும். மழையும் கசிவும் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஓடினால் எட்டு நாள்தான். மூடாத படகின் 10 சதுர மீட்டர் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 1,000 லீட்டர் தண்ணீர். தென்மேல் பருவத்தில் கொழும்புக்கு அப்படி ஒரு நாள் புதிதல்ல. அந்த வருடம் படகு தப்பியது, தார்ப்பாயின் தயவில்.

இப்போது கேபினின் மேல் 50 வொட் சோலார் பனல் ஒன்றும் சிறிய கட்டுப்படுத்தியும் இருக்கின்றன. நாலு மணி நேர நல்ல வெயில் கிடைத்தால் ஏறத்தாழ 12 அம்பியர்-மணி. மூட்டமான நாளில் கால்வாசி கிடைத்தாலும் 3, வழக்கமாகப் பம்ப் இழுப்பதைப் போல் இரு மடங்கு. கரையோடு கம்பித் தொடர்பு இல்லாததால் எர்த் பிரச்சினையும் இல்லை, ஒக்டோபர் இடி மின்கம்பி வழியாகப் படகுக்குள் வருவதும் இல்லை. பனல் பழுதானால் இழப்பு அந்த 12 அம்பியர்-மணி மட்டும். பனல் இல்லாத அந்த வருடத்து நிலைக்குத் திரும்புகிறோம், அவ்வளவுதான். காக எச்சம் ஒரு மூலையை மறைத்தாலே மின்சாரம் படுத்துவிடுவதை மட்டும் கவனிக்க வேண்டும்.

காவலாளிக்குக் காசு கொடுத்து வாரம் இரண்டு தடவை செருகிக் கழற்றச் சொல்வதும் ஒரு வழி. மனிதர் மறப்பார் என்பதல்ல என் குறை. ஈரக் கையோடு செருகுவார். நல்ல மனிதரை நம் 13 அம்பியர் பிளக்கிடம் ஏன் அனுப்ப வேண்டும்?

படகில் மீனோடு ஓடும் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் கதை வேறு. அப்போது கரை மின்சாரம்தான். ஆனால் இடையில் இணைப்பே இல்லாத ஒற்றைக் கேபிள், நீர் புகாத நீல நிற 16 அம்பியர் பிளக், ஐசொலேட்டர், தினமும் சுவிட்சைப் பார்க்க ஓர் ஆள், எல்லாம் வேண்டும். லித்தியம் வைத்திருப்பவர்கள் பாதி சார்ஜில் விட்டுக் கழற்றிவிட்டுப் போகலாம், நிறைத்து வைப்பது அதற்கு ஆகாது.

நான் காவலாளி அண்ணனிடம் இப்போது கேட்பது ஒன்றுதான். பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வோல்ட் மீட்டர் பொருத்தி, 12.2க்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். எண் அதற்குக் கீழே போனால் அழைக்க வேண்டும். போன ஓகஸ்டில் ஒரு தடவை அழைத்தார். எண் 12.7 இருந்தது. பனலில் காகம் கூடு கட்ட முயல்வதாகச் சொல்லத்தான் அழைத்திருந்தார்.