தெருவில் பேவர் பிளாக் போட ‘மக்கள் பங்கு’ கேட்டு வந்தால் கையில் பணம் கொடுக்காதீர்கள்

ஊராட்சித் தெருவில் பேவர் பிளாக் பதிக்கவோ, சிமெண்டு ரோடு போடவோ, வாறுகால் (தெருச் சாக்கடை) கட்டவோ எந்த வீட்டுக்காரரும் ஒப்பந்தக்காரர் கையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரு ரூபாய்கூட. கதை கேட்கப் பொறுமையில்லாதவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கிளம்பலாம். மற்றவர்களுக்கு எங்கள் தெருவில் நடந்ததை முழுசாகவே சொல்கிறேன். இதே ஆட்கள் இதே பேச்சோடு அடுத்தடுத்த ஊர்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பக்கம். தெருவில் முன்பு போட்ட சிமெண்டு ரோடு பெயர்ந்து ஜல்லி பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. இரண்டு ஓரமும் வெறும் மண். நாலு தூறல் விழுந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதனால் பேவர் பிளாக் வருகிறது என்றதும் தெருவே சந்தோஷப்பட்டது உண்மை. யார் போடுகிறார்கள், எந்த நிதி, எத்தனை மீட்டர் என்று கேட்க ஆளும் இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த தலைவர், வார்டு உறுப்பினர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் தனி அலுவலர். அவர் ஒன்றிய அலுவலகத்தில் இருப்பவர், எங்கள் ஊரைப் போலப் பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்ப்பவர். வார்டு மெம்பர் இருந்தால் டீக்கடையிலாவது பிடித்துக் கேட்கலாம். தனி அலுவலரை எங்கே போய்ப் பிடிப்பது?

அந்த நேரம் பார்த்துத்தான் ஒப்பந்தக்காரரின் ஆள் வந்தார். பக்கத்து ஊர்க்காரர், முகம் தெரிந்தவர், எல்லோருக்கும் ‘அண்ணாச்சி’. கையில் ஒரு நீள நோட்டு. ஆண்கள் வேலைக்குப் போன பிறகு, பகல் பதினோரு மணிக்கு மேல்தான் வீடு வீடாக வருவார். என் அம்மாவிடம் சொன்னது இது:

“பெரியம்மா, இது நமக்கு நாமே திட்டம். அரசாங்கம் பாதி போட்டா சனங்க கொஞ்சம் போடணும். வீட்டுக்கு ரெண்டாயிரம். தராத வீட்டு வாசலோட கல்லு நின்னுரும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.”

ரசீது கேட்டால், “நோட்டுல எழுதியாச்சுல்ல” என்பார். ஜிபே பண்ணவா என்று கேட்டால் நெட் இல்லை என்பார். இப்படியே ஏறக்குறைய தெரு முழுக்க வசூலாகிவிட்டது. இரண்டாயிரம் என்பது சில வீடுகளில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஒரு வாரக் கூலி.

நமக்கு நாமே என்று ஒரு திட்டம் நிஜமாகவே இருக்கிறது. அதில் மக்கள் பங்களிப்பும் உண்டு, பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு. பொய் அந்த இடத்தில் இல்லை, அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பங்கை வேலை தொடங்கும் முன்பே அரசுக் கணக்கில் வரைவோலையாகவோ காசோலையாகவோ கட்ட வேண்டும். ஊர் கூடியோ, ஒரு சங்கமோ, ஒரு தனியாளோ சேர்ந்து விண்ணப்பித்துப் போவது அது. ஒப்பந்தக்காரரின் ஆள் பைக்கில் வந்து நோட்டில் எழுதிக்கொண்டு போவதற்கும் அந்தத் திட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் தெரு வேலை அந்தத் திட்டத்திலேயே இல்லை என்பது பிறகு தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

வசூல் அதோடு நிற்கவில்லை. ஜேசிபி ஓரத்தைத் தோண்டும்போது ஜல் ஜீவன் குழாய் இணைப்புகளை வரிசையாகப் பிய்த்துப் போட்டது. திரும்பச் சேர்த்துத் தர வீட்டுக்கு 500. அவர்கள் உடைத்ததை அவர்களே ஒட்ட நாம் காசு தர வேண்டுமாம்! கொடுக்காத வீடுகளுக்குக் குழாய் அப்படியே தொங்கியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்து அலுத்துப்போய் அவர்களும் கொடுத்தார்கள். அடுத்து வாசலுக்குச் சாய்வு வைக்க 1,500. இதற்கும் ரசீது கிடையாது.

சரி, காசு வாங்கினார்கள், வேலையாவது நன்றாகச் செய்தார்களா? ஆவணியில் போட்ட கல் ஐப்பசி மழைக்குத் தாங்கவில்லை. இரண்டு ஓரமும் உட்கார்ந்து, நடுவு மட்டும் முதுகு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கல்லை நான் வெறுங்கையாலேயே தூக்கிவிட்டேன். அடியில் கிரஷர் தூசி இரண்டு விரற்கடை. அதற்குக் கீழே நேரடியாகக் கரிசல், ஈரத்தில் வழுவழுவென்று. கிராவல் மருந்துக்குக்கூட இல்லை. டேப் வைத்துப் பார்த்தேன், கல் கனம் 60 மில்லிமீட்டர்.

கரிசல் மண்ணில் வீடு கட்டிய எவருக்கும் இது புரியும். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கும். அதன் மேல் எதை வைத்தாலும் அதுவும் சேர்ந்து ஏறி இறங்கும். அதனால்தான் மேல்மண்ணை வெட்டி எடுத்து, கிராவல் நிரப்பி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி இறுக்கி, அதற்கப்புறம் தூசியோ எம்-சாண்டோ பரப்பிக் கல்லைப் பதிக்க வேண்டும். பேவர் கல்லைச் சிமெண்டு வைத்து ஒட்டுவதில்லை. இரண்டு ஓரத்திலும் கான்கிரீட் கட்டு பிடித்துக்கொண்டால்தான் உள்ளே இருக்கும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். எங்கள் தெருவில் ஓரக்கட்டு என்ற பெயரில் கலவையைக் கரண்டியால் இழுகிவிட்டுப் போயிருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் மணலாக உதிர்ந்தது.

நடுவில் மட்டும் கல் உட்காராததற்குக் காரணம் உண்டு. பழைய சிமெண்டு ரோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே பதித்துவிட்டார்கள். விளைவு, தெரு அரை அடி உயர்ந்துவிட்டது. மூன்று படி ஏறிப் போகும் வீட்டுக்கு இப்போது இரண்டு படிதான். படியே இல்லாத பழைய வீடுகளுக்குள் முதல் மழைக்கே தண்ணீர் வந்துவிட்டது. எதிர்வீட்டுச் சித்தி ரேஷன் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றி வைத்துவிட்டு விடிய விடிய முறத்தால் தண்ணீரை வாரி வெளியே ஊற்றினார். இப்படி ஆகக்கூடாது, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். பேப்பரில் எல்லாம் வந்தது. கிராமத்துக்கு வந்து சேரவில்லை போல.

வாறுகால் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெருமுனை வரை கட்டி அங்கேயே நிறுத்திவிட்டார்கள். ஓடைக்குப் போகும் வழி கிடையாது. கொசு வளர்க்க நீளமான தொட்டி கிடைத்தது, அவ்வளவுதான்.

வேலையை மேற்பார்க்கும் ஒன்றிய ஓவர்சியர் ஒருநாள் வந்தார். தெரு உட்கார்ந்திருப்பதைக் காட்டினேன். “மண்ணு அப்படி தம்பி, நாங்க என்ன செய்ய?” என்றார். கரிசல் நேற்று வந்த மண்ணா என்ன? எஸ்டிமேட் நகல் கேட்டதற்கு, “அதெல்லாம் பப்ளிக்குக்குக் குடுக்க மாட்டோம்” என்றார்.

இது தவறான பதில். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நமக்குக் காகிதத்தை மட்டும் தரவில்லை. வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளிலிருந்து சான்றளித்த மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தின் 2வது பிரிவில் உரிமை இருக்கிறது. ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். கேட்டது: எந்த நிதி, மதிப்பீட்டு நகல், பணி ஆணை, எம்-புக் (முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவைப் புத்தகம்) பக்கங்கள், கொடுத்த பில் விவரம். முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும். தரவில்லை. மேல்முறையீடு போட்ட பிறகு, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடிதம் வந்தது.

வாங்கிப் படித்தால் வயிறு எரிந்தது. வேலை முழுக்க மத்திய அரசு தரும் 15வது நிதிக்குழு மானியத்தில். மக்கள் பங்கு என்று ஒரு வரிகூட இல்லை. மதிப்பீட்டில் பழைய சிமெண்டு ரோட்டைப் பெயர்த்து அள்ளக் காசு இருக்கிறது. கிராவலுக்கு இருக்கிறது. ஓரக்கட்டுக்குக் கான்கிரீட் இருக்கிறது. கல் 80 மில்லிமீட்டர். நீளம் 110 மீட்டர். தெருவில் நான் அளந்தது 92 மீட்டர்தான். எம்-புக்கில் 110 என்றே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். இல்லாத பதினெட்டு மீட்டர் எங்கே என்று பார்த்தால், முக்கியமான ஒருவர் வீட்டு வாசல் தாண்டியதும் கல் நின்றுபோயிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இருப்பவை ஓட்டு வீடுகள். அவர்களும் இரண்டாயிரம் கொடுத்தவர்கள்தான்.

முதல்வர் உதவி மைய எண் 1100க்குப் போன் பண்ணிப் புகார் பதிந்தேன். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று முடித்து வைத்தார்கள். எடுத்த நடவடிக்கை, தெருமுனை வேப்பமரத்தடியில் வேலை விவரம் எழுதிய ஒரு தகவல் பலகை நட்டதுதான். வேலை தொடங்கும் முன் இருந்திருக்க வேண்டிய பலகை, பெயிண்ட் காயாமல் வந்து நின்றது. பிறகு தெருப் பெண்கள் கொஞ்சம் பேரைக் கூட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் போனோம். கையில் எம்-புக் நகலும், நாங்கள் டேப் பிடித்து எடுத்த படங்களும். அந்தக் காகிதம் இல்லாமல் போயிருந்தால் இந்த முறையும் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’தான் வந்திருக்கும். எம்-புக் அளவைப் பார்த்ததும் பேச்சு மாறியது. மறு அளவீட்டுக்கு உத்தரவானது, இறுதி பில் நிறுத்தப்பட்டது. விட்டுப்போன இடத்தில் கல் வந்துவிட்டது. ஓரத்தைப் பெயர்த்து கிராவல் போட்டுத் திரும்பப் பதிக்கிறார்கள், அரைகுறையாக. நடுத்தெரு உயரம் அப்படியேதான் இருக்கிறது. அதைத் தொட யாரும் தயாரில்லை.

பணம்? மூன்று வீட்டுக்குத்தான் திரும்பி வந்தது. அந்த மூன்று பேரும் ரொக்கம் இல்லை என்று அடம்பிடித்து, அண்ணாச்சி வீட்டுக்காரம்மா நம்பருக்கு ஜிபே போட்டவர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியதும் பேசாமல் எடுத்து வைத்தார். மற்றவர்களிடம், “யாரு வாங்குனா? எங்கிட்டயா குடுத்தீங்க?” என்கிறார். அந்த நீள நோட்டை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

உங்கள் தெருவில் அளக்க ஆரம்பித்தால் முதல் நாளே எந்த நிதி என்று கேளுங்கள். கேள்வி சின்னதுதான், ஆனால் பதில் சொல்லாமல் மழுப்புவார்கள். நிதிக்குழு மானியமா, ஒன்றியப் பொது நிதியா, எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியா என்பது தெரியாவிட்டால் ஊராட்சிச் செயலர் ஒன்றியத்தைக் கைகாட்டுவார், ஒன்றியம் ஊராட்சியைக் கைகாட்டும். பலகை வைக்காமல் கல் இறக்கினால் போன் எடுத்துப் படம் பிடியுங்கள். கிராவல் போடும் அன்றைக்குத் தெருவில் யாராவது ஒருவர் வேலைக்குப் போகாமல் நிற்க முடிந்தால் நல்லது. கல்லை மூடிவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழைய ரோட்டைப் பெயர்க்காமல் மேலே போட வந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள், பின்னால் சரிசெய்யவே முடியாத விஷயம் அது ஒன்றுதான். புகாரை இறுதி பில் பாஸ் ஆவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். பில் போய்விட்டால் ஓவர்சியர் போனை எடுக்க மாட்டார்.

கிராம சபை பற்றியும் ஒரு வார்த்தை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூட்ட வேண்டும். தலைவர் இல்லாவிட்டாலும் கூட்டம் உண்டு. எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை உட்கார வைத்து முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானம் சாவகாசமாகப் பிறகு எழுதப்படும். எங்கள் தெரு வேலைக்கும் தீர்மானம் இருக்கிறது, கீழே என் அம்மாவின் கையெழுத்தும் இருக்கிறது. அன்றைக்கு அங்கே பேவர் பிளாக் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்று அம்மா சத்தியம் செய்கிறார். எழுதி முடித்த தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாசிக்க மாட்டேன் என்றால் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

போன வாரம் ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊரில் அதே பைக் நின்றதாகச் சித்தி மகன் சொன்னான். அங்கே சிமெண்டு ரோடாம். மக்கள் பங்கு வீட்டுக்கு 2,500.