ரெஜிஸ்ட்ரிக்கு ஃபேக்ஸ் படிக்கத் தெரியாது

வேறொரு கிளினிக்கின் நிர்வாகத்தைப் பார்க்கும் நண்பர் போன வாரம் அழைத்தார். நாங்கள் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் ரெஜிஸ்ட்ரி மென்பொருளின், அதாவது நோயாளிகளின் தரவைத் திரட்டி அமெரிக்க அரசுக்குத் தர அறிக்கையாக அனுப்பும் மென்பொருளின், விலையைக் குறைத்திருக்கிறார்களாம். மூன்றாண்டு ஒப்பந்தம் என்றால் இன்னும் குறைப்பார்களாம். "வாங்கலாமா, சொல்லுங்கள்" என்றார். ஒரே மூச்சில் நான் புகழ்ந்ததையும் திட்டியதையும் கேட்டு, தொலைபேசியை வைக்கும்போது அவர் முன்பைவிட அதிகமாகக் குழம்பியிருந்தார். ஆகவே எழுதுகிறேன். மென்பொருளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதன் போட்டியாளர்களை விற்க வந்தவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டிருக்கிறேன், பதில்கள் பெரிதாக மாறவில்லை.

மிப்ஸ் (சிகிச்சைத் தரத்துக்கு மதிப்பெண் போட்டு, பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தரும் பணத்தை அதன்படி கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் அமெரிக்கத் திட்டம்) என்றால் என்ன, 6 தர அளவீடுகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி, மார்ச் 31க்குள் ஏன் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவை. நண்பரிடம் நான் முதலில் கேட்டது வேறு: உங்கள் மருத்துவர்கள் இந்த வளையத்துக்குள் வருகிறார்களா? மெடிகேர் பகுதி பி, அதாவது மருத்துவர் கட்டணங்களுக்கான பகுதி, வழியாக வரும் தொகை ஆண்டுக்கு 90,000 டாலர், நோயாளிகள் 200, சேவைகள் 200 ஆகிய மூன்றையும் தாண்டினால்தான் கட்டாயம். ஒன்றில் குறைந்தாலும் விலக்கு உண்டு. விற்க வருபவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

அடுத்தது ஊக்கத்தொகை. 2007 ஜூலையில் இந்தத் திட்டத்தின் பாட்டனார் பிக்யூஆர்ஐ தொடங்கியபோது, அறிக்கை கொடுத்தாலே 1.5 சதவீதம் கிடைத்தது. 2009, 2010இல் அது 2 சதவீதம். அந்த நினைப்பில் இன்னும் சிலர் ரெஜிஸ்ட்ரி வாங்குகிறார்கள். மிப்ஸ் வந்தபின், 2017ஆம் ஆண்டுச் செயல்பாட்டுக்கு நூற்றுக்கு நூறு வாங்கியவர்களுக்கு 2019இல் கிடைத்தது 1.88 சதவீதம். பகுதி பி வழியாக 3 லட்சம் டாலர் வரும் கிளினிக்குக்கு அது 5,640 டாலர். தண்டம் கட்டுபவர்களின் பணம்தான் வெகுமதியாகப் பிரிகிறது என்பதால், தோற்பவர்கள் குறைந்தால் வென்றவர்களுக்குச் சில்லறைதான் மிஞ்சும். சிறந்த மதிப்பெண்ணுக்கென்று தனியாக ஒதுக்கியிருந்த 50 கோடி டாலரும் 2022ஆம் ஆண்டுச் செயல்பாட்டோடு நின்றுவிட்டது. மறுபக்கம், அடிமட்ட மதிப்பெண்ணுக்கு இப்போது 9 சதவீதப் பிடித்தம். அதே கிளினிக்குக்கு அது 27,000 டாலர். 75 மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டால் தப்பித்தோம். ஆக, நாம் கட்டும் சந்தா பெரும்பாலும் அடி வாங்காமலிருக்கக் கொடுக்கும் காசு. அதிலும் இந்த ஆண்டின் கணக்கு பணத்தில் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் வேறு இடம் போயிருப்பார்கள்.

இனி, என் இரத்த அழுத்தத்தை ஏற்றும் விஷயத்துக்கு வருகிறேன்.

நீரிழிவு அளவீடு எண் 1. 18 முதல் 75 வயதுவரையுள்ள நீரிழிவு நோயாளிகளில் எத்தனை பேருக்கு ஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 9க்கு மேல் இருக்கிறது என்பது கணக்கு. தலைகீழ் அளவீடு, குறைந்தால் நல்லது. இதில் ஒரு விதி: அந்த ஆண்டில் ஏ1சி முடிவே இல்லையென்றால், அவரும் கட்டுப்பாட்டில் இல்லாதவராகவே எண்ணப்படுவார். விதியில் எனக்குச் சண்டையில்லை. சண்டை, ரெஜிஸ்ட்ரி எதை "இல்லை" என்று கருதுகிறது என்பதில்தான்.

எங்கள் நோயாளிகள் எல்லாரும் ஒரே ஆய்வகத்துக்குப் போவதில்லை. காப்பீடு எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போகிறார்கள். ஒரு பெரிய ஆய்வகத்தின் முடிவுகள் மட்டும் நேராக எங்கள் மருத்துவப் பதிவு மென்பொருளுக்குள் எண்ணாக வந்து அமர்கின்றன. மற்றவை ஃபேக்ஸில் வருகின்றன. ஆம், இந்தக் காலத்திலும் ஃபேக்ஸ்தான். அதை பிடிஎஃப் ஆக்கி நோயாளியின் கோப்பில் சேர்க்கிறோம். மருத்துவர் திறந்து பார்க்கிறார், 6.7 என்று படிக்கிறார், நோயாளியிடம் "நன்றாக இருக்கிறது, இப்படியே தொடருங்கள்" என்கிறார், கையெழுத்திடுகிறார். எல்லாம் நடந்து முடிந்தது. இரவில் ரெஜிஸ்ட்ரி வந்து தரவை அள்ளிக்கொண்டு போகிறது. அதன் கண்ணுக்கு அந்த பிடிஎஃப் வெற்றுத்தாள். மறுநாள் காலை, எங்கள் கிளினிக்கிலேயே மிக ஒழுங்காகச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் மனிதர், கட்டுப்பாட்டில் இல்லாதவர்களின் சிவப்புப் பட்டியலில் முதல் வரிசையில் நிற்கிறார்.

இரத்த அழுத்தத்திலும் இதே கதை. அளவீடு 236, 140க்கும் 90க்கும் கீழே இருக்க வேண்டும், அந்த ஆண்டின் கடைசி அளவைத்தான் எடுத்துக்கொள்வார்கள். உதவியாளர் நோயாளியை உள்ளே அழைத்து வந்ததும் பார்க்கிறார்: 152க்கு 88. பத்து நிமிடம் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மருத்துவரோடு பேசியபின் மருத்துவரே மறுபடி பார்க்கிறார்: 136க்கு 82. ஒரே நாளில் பல அளவுகள் இருந்தால் அவற்றில் குறைந்ததை எடுத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. ஆனால் மருத்துவர் அதைக் குறிப்பில் வாக்கியமாக எழுதிவிடுகிறார். ரெஜிஸ்ட்ரிக்கு வாக்கியம் புரியாது, கட்டம்தான் புரியும். 152 நிலைத்துவிடுகிறது. அதிலும் அது டிசம்பர் மாதமாக இருந்தால், பதினொரு மாத உழைப்பும் அந்த ஒரு எண்ணின் காலடியில்.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். அவர்கள் மரியாதையானவர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். அதே நாளில் பதில் வரும். "மதிப்பு உரிய கட்டத்தில் உள்ளிடப்பட்டிருக்க வேண்டும்" என்பார்கள், டிக்கெட்டை மூடுவார்கள். திறந்தால் மறுபடி மூடுவார்கள். விளம்பரத் தாளில் "தானாகவே தரவு சேகரிக்கும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எங்கள் கிளினிக்கில் அந்தத் "தானாகவே" என்பது ஒரு பெண்மணி. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் அவர் உட்கார்ந்து பிடிஎஃப்களைத் திறந்து, எண்ணையும் தேதியையும் கட்டத்தில் தட்டச்சு செய்கிறார். 9க்கு மேல் என்றால் 3046எஃப், 7க்குக் கீழே என்றால் 3044எஃப் என்று குறியீடுகள் அவருக்கு மனப்பாடம். அவருடைய சம்பளம் ரெஜிஸ்ட்ரியின் விலைப்பட்டியலில் இல்லை. நண்பரே, நீங்கள் கணக்குப் போடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெடிகேர் நோயாளிகளை மட்டும் சரிசெய்தால் போதும் என்றும் ஒதுங்க முடியாது. ரெஜிஸ்ட்ரி வழியாக அனுப்பினால் தனியார் காப்பீட்டு நோயாளிகளும் கணக்கில் வருவார்கள். 2024 முதல், தகுதியானவர்களில் 75 சதவீதத்தினருக்காவது தரவு இருக்க வேண்டும். முன்பு 70. வசதியானவர்களை மட்டும் பொறுக்கி அனுப்பும் தந்திரத்துக்கு வழியில்லை. அது நல்லதுதான். வெள்ளிக்கிழமைப் பெண்மணிக்குத்தான் நல்லதில்லை.

இவ்வளவு திட்டியபின் இதையும் சொல்லாவிட்டால் அநியாயம்.

அதே சிவப்புப் பட்டியலில், பிடிஎஃப்பில் ஒளிந்திருப்பவர்களையெல்லாம் தட்டச்சு செய்து நீக்கியபின் ஒரு வண்டல் மிஞ்சும். அவர்கள் உண்மையிலேயே பரிசோதனை செய்யாதவர்கள். ஜனவரியில் இருமலுக்கு வந்தார், சர்க்கரையைப் பற்றிப் பேச நேரமில்லை, அதற்குப்பின் ஆளைக் காணோம். இப்படிப்பட்டவர் எந்த மருத்துவரின் நினைவிலும் இருக்கமாட்டார். வந்து நிற்பவரைத்தான் கிளினிக் கவனிக்கும், வராதவருக்காகக் குரல் கொடுக்க யாருமில்லை. ரெஜிஸ்ட்ரி மட்டும் வாரம் தவறாமல் அவர் பெயரை எடுத்து முன்னால் வைக்கிறது. அழைத்தோம். சிலர் கோபித்துக்கொண்டார்கள், சிலர் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவருக்கு ஏ1சி 11ஐத் தாண்டியிருந்தது, மாத்திரையை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவர் தானாக வந்திருக்கமாட்டார். எங்களுக்கும் அழைக்கத் தோன்றியிருக்காது.

இங்கேதான் அந்த விதியின் சூட்சுமம் எனக்குப் புரிந்தது. முடிவு இல்லாதவரும் 11 வாங்கியவரும் கணக்கில் ஒன்றுதான். ஆகவே அவரைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்ததால் எங்கள் மதிப்பெண் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. மோசமான எண் வந்துவிடுமோ என்று பயந்து யாரையும் கண்டுகொள்ளாமல் விடத் தேவையில்லை. இப்படி யோசித்து விதி எழுதியவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. அதே விதியை ஒரு ஃபேக்ஸ் தாளைப் படிக்கத் தெரியாத இயந்திரத்திடம் ஒப்படைத்தவர்மீதுதான் இல்லை.

மற்றபடி, சமர்ப்பிப்பு சுமுகம். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் தளம் கொஞ்சம் தள்ளாடும், படுத்துக்கொண்டதில்லை. மருத்துவர்களுக்கான வரைபடங்கள் அழகாக இருக்கின்றன. மருத்துவர்கள் அவற்றைப் பார்ப்பதில்லை.

நண்பருக்கு என் முடிவு: வாங்காதீர்கள். குறைந்தபட்சம் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள், விதிகள் ஆண்டுதோறும் மாறும் தொழிலில் மூன்றாண்டு தள்ளுபடி யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். அப்படியும் வாங்குவதென்றால், செயல்விளக்கம் காட்ட வருபவர் கொண்டுவரும் மாதிரித் தரவைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் கிளினிக்குக்கு வந்த ஃபேக்ஸ் ஒன்றை, பெயரையும் பிறந்த தேதியையும் மறைத்துவிட்டு அவர் கையில் கொடுங்கள். "இந்த 6.7 உங்கள் திரையில் எப்போது வரும், யார் கையால் வரும்?" என்று கேளுங்கள்.

நாங்கள் இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டோம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். மார்ச் மாதத்தில் கேட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.